மழைக்குப் பிறகு பாதி சேனல் வரவில்லையா? டிஷ்ஷைத் திருப்பாதீர்கள்

மழைக்குப் பிறகு சரியாகப் பாதி சேனல்கள் மட்டும் போயிருக்கின்றன என்கிறீர்கள். அப்படியானால் டிஷ் நேராகத்தான் இருக்கிறது, தயவுசெய்து திருப்பாதீர்கள். டிஷ்ஷின் முன்னால் நீட்டியிருக்கும் கையின் நுனியில் உள்ள சிறு பெட்டிதான் எல்என்பி. கேபிள் வழியாக அதற்கு ஒரு பாதி சேனல்களுக்கு 13 வோல்ட், மறுபாதிக்கு 18 வோல்ட் போக வேண்டும். கேபிளை எல்என்பியில் மாட்டும் கனெக்டரில் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால் 18 வோல்ட் குறைந்துவிடும், அந்தப் பாதி காணாமல் போகும்.

செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்என்பியில் மாட்டியிருக்கும் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பச்சை பூத்திருக்கும், அல்லது அதைச் சுற்றியுள்ள வலைக்கம்பி கறுத்திருக்கும். பளிச்சென்ற கம்பி தெரியும்வரை கேபிளை வெட்டிப் புது எஃப் கனெக்டர் (டிஷ் கேபிள் முனையில் போடும் திருகு கனெக்டர்) போடுங்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைவிட 2 மி.மீ. நீண்டால் போதும். வலைக்கம்பியின் ஒரு இழைகூட அதைத் தொடக்கூடாது, தொட்டால் ஷார்ட். பிறகு ரப்பர் உறை மாட்டி, எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.