பின்சீட்டில் நீங்கள் உட்காருங்கள்

தம்பி, தொண்டியிலிருந்து ஹூஸ்டன் வந்து ஆறு மாதம் ஆகிறது, 12 வயது மகள் சின்ன விமானத்தில் ஏறியே ஆகணும் என்கிறாள், ஹெச்1பி விசாக்காரர்களை விடுவார்களா, எவ்வளவு ஆகும், ஊருக்குப் போனால் பாம்பன் பாலத்துக்கு மேலேயே பறக்க வழியுண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

பாம்பனை மறந்துவிடுங்கள். உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து கடற்படையின் தளம், காசு கட்டி ஏறுகிற இடமல்ல. இங்கேயே ஏறிவிடுங்கள்.

விமானப் பள்ளிக்கு போன் போட்டு ‘டிஸ்கவரி ஃப்ளைட்’ என்று கேளுங்கள், பயிற்சியாளர் கூட இருக்க நாமே ஓட்டிப் பார்க்கும் அறிமுகப் பறப்பு அது. அரை மணி முதல் ஒரு மணி நேரம், பெரும்பாலும் 150 முதல் 250 டாலருக்குள் முடியும். பயிற்சியாளர் கட்டணமும் எரிபொருளும் அதில் அடக்கமா, பின்சீட்டில் ஒருவர் வரலாமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். இதற்கு விசா தடையில்லை. லைசென்ஸுக்கென்று முறையாகப் படிக்கத் தொடங்கும்போதுதான் நம்மைப் போல வெளிநாட்டுக் குடிமக்கள் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.விடம் முன்அனுமதி வாங்க வேண்டும். செலவே இல்லாமல் போக ஒரு வழி இருக்கிறது. இ.ஏ.ஏ. என்ற விமான ஆர்வலர் சங்கம் 1992 முதல் நடத்தும் ‘யங் ஈகிள்ஸ்’ திட்டத்தில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை விமானிகள் இலவசமாக ஏற்றிப்போகிறார்கள். பெற்றோர் கையெழுத்து கட்டாயம். ஆனால் நீங்களும் கூட ஏற முடியுமா என்பது அந்த விமானியையும் விமானத்தையும் பொறுத்தது.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது: முன்பக்க இடது சீட் மகளுக்கு, வலது பயிற்சியாளருக்கு, பின்சீட் உங்களுக்கு. நம்மூர் வத்தைப் படகில் பிள்ளையிடம் சுக்கானைக் கொடுத்தால் அப்பா முன்பக்கம் அணியத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும், பக்கத்தில் நின்று “இப்படிப் பிடி, அப்படிப் பிடி” என்றால் பிள்ளைக்குக் கை வராது. இங்கும் அதேதான். ஹெட்செட்டில் நீங்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும். ஓடுபாதையில் ஓடும்போதும் இறங்கும்போதும் வாயே திறக்காதீர்கள், பயிற்சியாளரின் குரல் மட்டும் அவள் காதில் விழட்டும்.

எல்லோருடைய எடையையும் கேட்பார்கள். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். செஸ்னா 172எஸ் என்ற நாலு சீட் பயிற்சி விமானம் கிளம்பக்கூடிய உச்ச எடை 2550 பவுண்டு. வெற்று எடை 1700 என்று வைத்துக்கொண்டால், கேலனுக்கு 6 பவுண்டு வீதம் முழு டேங்க் 53 கேலனுக்கு 318 பவுண்டு போக 532 மிஞ்சும். பயிற்சியாளர் 190, நீங்கள் 180, மகள் 90 என்றால் 460, தாராளம். அம்மாவும் 150 பவுண்டுடன் ஏறினால் 78 கூடிவிடும், 13 கேலன் எரிபொருளைக் குறைக்க வேண்டிவரும். இந்தக் கணக்கை முதல் நாள் இரவே மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், பறப்பதில் பாதி சந்தோஷம் அதில்தான் இருக்கிறது.

கிளம்பும் முன் நடக்கும் சோதனைக்கு 20 நிமிஷமாவது முன்னதாகப் போய்விடுங்கள். எரிபொருளை வடித்துப் பார்க்கும் பிளாஸ்டிக் குப்பியை மகள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். 172எஸ்ஸில் ஒவ்வோர் இறக்கையிலும் ஐந்து, மூக்கின் அடியில் மூன்று, மொத்தம் 13 வடிகால்கள். குப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பெட்ரோல் இளநீலமாகத் தெரியும். தண்ணீர் இருந்தால் கனம் கூடியது என்பதால் நிறமில்லாத முத்து மாதிரி அடியில் உருளும். டீசலில் தண்ணீர் கலந்து நடுக்கடலில் இஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுத்தமாக வரும்வரை வடிப்பார்கள்.

தரையில் ஓடும்போது பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தவறு, கார் மாதிரி கையால் திருப்பப் பார்ப்பது. தரையில் திருப்புவது கால் மிதிகள். அவள் குள்ளமாக இருந்தால் மெத்தை கேளுங்கள், இல்லாவிட்டால் காலும் எட்டாது, வெளியேயும் தெரியாது. 55 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்குவார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல், கடலில் போட்ட கணக்கேதான். பக்கக்காற்று அடித்தால் விமானத்தின் மூக்கு ஒரு பக்கமும் போகிற வழி ஒரு பக்கமுமாக இருக்கும். நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தை, எதிர்த்துக் கோணலாகப் பிடித்து நேரே கரைசேர்கிற அதே வித்தை என்று சொன்னால் மகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

காலை எட்டு, ஒன்பது மணிக்கு நேரம் வாங்குங்கள். டெக்சாஸ் வெயிலில் மதியம் தரை சுட்டு, சூடான காற்று மேலெழுந்து விமானத்தைக் குலுக்கும். வாந்தி வருவது அதனால்தான். வெறும் வயிறும் கூடாது, முட்டச் சாப்பிட்டும் ஏறக் கூடாது, இரண்டு இட்லி போதும். குமட்டினால் மடியைப் பார்க்காமல் தொலைவில் அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சளி இருந்தால் நாளைத் தள்ளிப்போடுங்கள், இறங்கும்போது காது அடைத்து உயிர்போகிற மாதிரி வலிக்கும்.

பயிற்சியாளர் காற்றைப் பார்த்து “இன்று வேண்டாம்” என்றால் வற்புறுத்தாதீர்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய பிறகு யாராவது படகு இறக்குவார்களா? மகள் அழுதால் அதைச் சொல்லியே தேற்றலாம்.

இறங்கியதும் பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக் ஒன்று வாங்கிப் பயிற்சியாளரிடம் நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பயிற்சி நேரத்துக்கு வயது வரம்பு கிடையாது. 16 வயதில் தனியாகப் பறக்கலாம், 17இல் லைசென்ஸ், குறைந்தது 40 மணி நேரம் வேண்டும். அந்த 40இல் இந்த அரை மணியும் சேரும்.