முதலில் பேசியவளே நிபுணர்

கேள்வி: ஹாங்க் கிரீனின் 'ஆன் அப்சல்யூட்லி ரிமார்க்கபிள் திங்' இணையப் புகழைப் பற்றிய நாவல் என்கிறார்கள். ரோபோ கதைதானே அது? இரண்டாம் பாகமும் படிக்க வேண்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: ரோபோ வெறும் தொடக்கம்தான். நியூயார்க் தெருவில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ரோபோ போன்ற பத்தடி உயரச் சிலை ஒன்றைப் பார்க்கிறாள் ஏப்ரல் மே என்ற 23 வயதுப் பெண். நண்பன் ஆண்டியுடன் வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றுகிறாள். விடிந்து பார்த்தால் உலக நகரங்களில் மொத்தம் 64 சிலைகள்! முதலில் பேசியவள் என்பதாலேயே அவள் நிபுணர் ஆகிவிடுகிறாள். நாவலின் கூர்மை இங்கேதான். சிலைகள் ஆபத்து என்று சொல்லும் பீட்டர் பெட்ராவிக்கியுடன் அவள் மோத மோத, அவனுக்கும் கூட்டம் சேர்கிறது. 'டிஃபெண்டர்கள்' என்ற அவனது அணி வலுக்கிறது. எதிர்ப்பே விளம்பரமாகிவிடும் இந்தச் சுழற்சியை, 2007 முதல் யூடியூபில் இயங்கும் ஆசிரியர் உள்ளிருந்தே அறிந்தவர். ஏப்ரல் எரிச்சலூட்டுவாள், காதலி மாயாவை அவள் நடத்தும் விதம் வலிக்கும். அதற்காகப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். பின்னாளில் அவளே திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதை இது.

2018இல் வந்த முதல் பாகம் அந்தரத்தில் தொங்கவிட்டு முடியும். எனவே 2020இல் வந்த 'எ பியூட்டிஃபுலி ஃபூலிஷ் எண்டெவர்' கட்டாயம் வேண்டும். அதில் கதைசொல்லிகள் பலர். ஒவ்வொரு அத்தியாயத்திலும் பேசுவது யார் என்று பார்த்துக்கொண்டு படியுங்கள்.