சிட்னியில் எங்கள் தெருவில் வேப்பமரம் மாதிரி ஒரு மரம், மஞ்சள் காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. இது வேம்புதானா?

இல்லை, வேம்பு இல்லை. வேம்பின் பங்காளி.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே சொல்லிவிடலாம். ஓரத்தில் பல் வைத்த, வேப்பிலையை ஒத்த இலை. ஜூன் மாதம் இலை பழுத்துக் கொட்டுகிறது. இலை கொட்டிய பிறகும் உருண்டையான மஞ்சள் காய்கள் கிளையிலேயே நிற்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்தால் அது, அறிவியல் பெயரில் சொன்னால், மீலியா அசெடராக். ஆஸ்திரேலியாவில் ‘ஒயிட் சீடர்’ என்பார்கள். டெக்சஸ், ஃபுளோரிடா பக்கம் இருப்பவர்களுக்கு இதே மரம் ‘சைனாபெரி’. நம் ஊரில் இதையும் மலைவேம்பு என்பார்கள். பிளைவுட்டுக்காகத் தோப்பு தோப்பாக நடுகிறார்களே, அந்த மீலியா டூபியாவையும் மலைவேம்பு என்பார்கள். எனவே ஊர்ப்பெயரை நம்பி ஒரு முடிவுக்கும் வர வேண்டாம்.

திருச்சியிலிருந்து வந்திருக்கும் அம்மா ‘வேப்பமரமேதான்’ என்று கொழுந்து பறிக்கக் கிளம்பியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்தி வையுங்கள். காரணம் பிறகு வருகிறது. இலையைப் பார்த்து எப்படிப் பிரித்தறிவது என்பதை அவருக்கே காட்டிவிட்டால், நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

வேப்பிலை என்று நாம் கிள்ளி எடுப்பது உண்மையில் முழு இலை இல்லை, சிற்றிலை. ஈர்க்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. இந்த இரண்டு மரங்களையும் சிற்றிலையின் வடிவத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும், அவ்வளவு ஒற்றுமை. பார்க்க வேண்டியது அடுக்கு. வேம்பில் ஒரே ஒரு ஈர்க்கு, அதன் இரு பக்கமும் சிற்றிலைகள், அவ்வளவுதான். ஒயிட் சீடரில் நடு ஈர்க்கிலிருந்து பக்க ஈர்க்குகள் பிரியும். அந்தப் பக்க ஈர்க்குகளில்தான் சிற்றிலைகள் இருக்கும். சில சமயம் அதுவும் இன்னொரு முறை பிரியும். முழு இலையை விரித்து வைத்தால் அரை மீட்டர்வரைகூட வரும்.

எது முழு இலை, எது கிளை என்று சந்தேகம் வரும். அதற்கு எல்லா மரத்துக்கும் பொருந்தும் ஒரு வழி உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் சின்ன மொட்டு ஒன்று இருக்கும். சிற்றிலையின் அடியில் அந்த மொட்டு இருக்காது. மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் இலை தொடங்குகிறது. இது பழகிவிட்டால் புது ஊரில் பார்க்கும் பாதி மரங்களுக்கு நீங்களே விடை கண்டுபிடித்துவிடுவீர்கள். செடியைக் கண்டுபிடித்துத் தரும் ஆப்களுக்கு ஒற்றைச் சிற்றிலையைப் படமெடுத்துப் போட்டுவிட்டு ‘தப்பாகச் சொல்கிறது’ என்று குறைப்படுபவர்கள் நிறைய. தண்டோடு சேர்த்து முழு இலை, காய்க்கொத்து, பட்டை என்று மூன்று படம் போட்டால் அதுவும் ஒழுங்காகத்தான் சொல்லும்.

அம்மாவுக்கு இப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. தாவரங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸே 1753-இல் இரண்டையும் மீலியா என்ற ஒரே பேரினத்தில்தான் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) வைத்தார். வேம்பைத் தனியாகப் பிரித்து அசாடிராக்டா என்ற பேரினத்தில் சேர்த்தது 1830-இல்தான்.

அடுத்து காய். வேப்பம்பழம் நீள்வாட்டத்தில் இருக்கும். மரத்தில் அதிக நாள் தங்காது, ஆனி ஆடியில் பழுத்ததும் கீழே கொட்டிவிடும். ஒயிட் சீடரின் காய் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் குறுக்களவில் கோலிக்குண்டு மாதிரி உருண்டை. நீளமான காம்பில் கொத்தாகத் தொங்கும், குளிர்காலம் முழுவதும் விழாமல் நின்று தோல் சுருங்கும். இலையே இல்லாத மொட்டை மரத்தில் மஞ்சள் காய் மட்டும் நிற்பதை ஜூலையில் பார்த்தால் வேறு சோதனையே தேவையில்லை. கீழே விழுந்து காய்ந்த ஒன்றை எடுத்துச் சதையை நீக்கினால், உள்ளே வரி வரியாகப் பள்ளம் ஓடும் கெட்டியான கொட்டை இருக்கும். அதன் நடுவில் இயற்கையாகவே ஒரு துளை. ஐரோப்பாவில் கிறிஸ்தவர்கள் ஜெபமாலை கோக்க இந்தக் கொட்டையைப் பயன்படுத்தியது அதனால்தான். வேப்பங்கொட்டையில் பள்ளமும் கிடையாது, துளையும் கிடையாது. கொட்டையைத் தொட்ட பிறகு கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

பூ வரும்போது பார்த்தால் இன்னும் சுலபம். வேப்பம்பூ வெள்ளை, பொடி. இதில் பூ வெளிர் ஊதா, ஐந்து இதழ், நடுவே கரும் ஊதாவில் ஒரு குழல், நல்ல வாசம். சிட்னியில் செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை பூக்கும். தமிழ் வருஷப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடிக்காக இந்த மரத்தடிக்குப் போனால் பூ இருக்காது, காய்தான் இருக்கும். ஒரு வகையில் நல்லதுதான்.

சரி, ஏன் பறிக்கக் கூடாது? இந்தக் காயில் மீலியாடாக்சின் என்ற நச்சுப்பொருட்கள் இருக்கின்றன. மனிதருக்கும் நாய்க்கும் பன்றிக்கும் ஆகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, தளர்ச்சி, முற்றினால் மூச்சுத் திணறல். நச்சு அதிகம் இருப்பது காயில் என்றாலும் இலையும் பூவும் பாதுகாப்பானவை அல்ல. பறவைகள் தின்கின்றனவே என்று கேட்பீர்கள். தின்னும், ஒன்றும் ஆகாது. அதை வைத்து நாம் கணக்குப் போட முடியாது. மரத்துக்கு மரம் நச்சின் அளவும் மாறும். ‘பக்கத்து வீட்டு நாய் தின்றது, நன்றாகத்தான் இருக்கிறது’ என்பதும் சான்றாகாது.

நம்மவர்களுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. வேப்பம்பழத்தைச் சப்பி வளர்ந்தவர்கள் நாம். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளையைப் பார்க்குக்குக் கூட்டிப் போகும்போது, ‘இது இனிக்கும், உடம்புக்கு நல்லது’ என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அம்மைக்குப் படுக்கையில் போட, கோயில் கரகத்துக்கு என்று இலை தேடுபவர்களும் உண்டு. கசக்கிறதா என்று வாயில் வைத்துப் பார்க்கும் சோதனையை இந்த மரத்திடம் வேண்டவே வேண்டாம். குழந்தை தெரியாமல் காயைத் தின்றுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் விஷ முறிவுத் தகவல் மையத்தை 13 11 26 எண்ணில் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ நேராக அவசர உதவி எண் 000.

இன்னொரு எச்சரிக்கை. சிட்னியில் ஈர்க்கிலையும் காய்க்கொத்தும் உள்ள மரம் இது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ‘ரஸ்’ என்று ஒரு மரம் பழைய வீட்டுத் தோட்டங்களில் இருக்கும். தொட்டாலே சிலருக்குத் தோல் கொப்பளித்து வீங்கிவிடும், அதன் பால் அப்படி. இலை வேம்பு போல ஒற்றை ஈர்க்குத்தான், ஆனால் சிற்றிலையின் ஓரத்தில் பல் இருக்காது, வழவழப்பாக இருக்கும். இலையுதிர்காலத்தில் பளீரென்று சிவக்கும். காய் பழுப்பு நிறம், சற்றே தட்டை. தெருவோரங்களில் நிறைய நட்டிருக்கும் சீனப் பிஸ்தா மரமும் இப்படித்தான் சிவக்கும். அதன் காய் பொடியாகச் சிவந்து பிறகு நீலமாகும், அது பயப்பட வேண்டிய மரமில்லை. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாதவரை, சிவந்த ஈர்க்கிலை மரத்தைக் கண்ணால் மட்டும் பாருங்கள். ஒயிட் சீடரின் இலை மஞ்சளாகத்தான் பழுக்கும், சிவக்காது.

மரத்தை வெட்டச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். குயின்ஸ்லாந்து, வடக்கு நியூ சவுத் வேல்ஸ் காடுகளில் இது இந்த மண்ணின் மரம். இங்கே இலையுதிர்க்கும் உள்ளூர் மரங்கள் வெகு சில, அதில் இது ஒன்று. கோடையில் நிழல், குளிர்காலத்தில் வெயில் என்பதால்தான் தெருவில் நடுகிறார்கள். காயைப் பெருக்கித் தள்ளினால் போதும். உங்கள் தோட்டத்தில் புதிதாக வைப்பதானால், காய் அநேகமாகப் பிடிக்காத ‘எலைட்’ என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். சில வருடங்களில் கம்பளிப்புழு ஏறி ஒரே வாரத்தில் மரத்தை மொட்டையடிக்கும். பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டியிருக்கும், இரவில் ஏறித் தின்னும். தொட்டால் அரிக்கும், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

உண்மையான வேம்பு வேண்டுமென்றால், சிட்னியின் குளிர் அதற்குச் சேராது. தொட்டியில் வைத்து ஜூன் முதல் ஆகஸ்ட்வரை வெயில் விழும் சுவரோரமாக ஒதுக்கி வளர்க்கலாம். வடகோடியில் இருக்கும் டார்வினில் தாராளமாக வளர்கிறது. அளவுக்கு மீறி வளர்ந்து, வடக்குப் பிரதேசத்தில் அதைக் களை என்றே அறிவித்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் யாரையும் வேப்பங்கொட்டை கொண்டுவரச் சொல்லாதீர்கள், விமான நிலையத்தில் விதை, செடிகளைச் சோதிக்கும் பயோசெக்யூரிட்டியிடம் மாட்டிக்கொள்வார்கள். பச்சடிக்கும் ரசத்துக்கும் காய்ந்த வேப்பம்பூ மேற்கு சிட்னியில் பென்டில் ஹில், டூங்காபி பக்கத்து நம் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும்.