“ஓஎஸ் புதுசா போட்டாத்தான் ஆகும்” என்கிறார்கள், போட வேண்டுமா?

கேள்வி: வணக்கமுங்க. சோமனூர் பக்கம் எங்க ஊருங்க. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். கூலி நெசவுக் கணக்கு, ஜிஎஸ்டி பில், மகளின் காலேஜ் வேலை எல்லாம் 2017-ல் வாங்கிய ஒரே கம்ப்யூட்டரில்தான். ரெண்டு மாதமாக, அரை மணி நேரம் ஓடினால் பொட்டென்று அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் வருகிறது. ராத்திரி மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் காலையில் போட்டால் தேதி பழைய வருடத்தைக் காட்டுகிறது, பேங்க் வெப்சைட் பாதுகாப்பில்லை என்று வருகிறது. கடையில் மூடியைக்கூடக் கழற்றாமல், “வைரஸ், ஓஎஸ் புதுசா போட்டாத்தான் ஆகும்” என்கிறார்கள். போன வருடமும் அப்படிப் போட்டு, டேலி கணக்கு மென்பொருள், பிரிண்டர் எல்லாம் பழையபடி அமைய ஒரு வாரம் ஆனது. மறுபடியும் போடலாமுங்களா?

பதில்: வேண்டாங்க. நீங்கள் எழுதியிருக்கும் ரெண்டு கோளாறுமே ஓஎஸ்ஸில், அதாவது விண்டோஸில் வருகிற கோளாறு மாதிரி தெரியவில்லை.

ஆறவிட்டால் ஓடுகிறது என்கிறீர்கள். அதுதான் துப்பு. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் சூடு 100 டிகிரியை ஒட்டிப் போனால், கருகாமல் இருக்க மெஷின் தானாகவே நின்றுவிடும். சோமனூர், பல்லடம், திருப்பூர் என்று பஞ்சு பறக்கும் ஊர்களில் இது சகஜம். பிராசஸர் ஃபேனுக்கு அடியில் அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். அந்தச் சந்துகளில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்துவிடும். ஃபேன் என்னவோ சுற்றும், காற்று உள்ளே போகாது. இதற்கு எத்தனை தடவை ஓஎஸ் போட்டாலும் அரை மணி நேரக் கதைதான்.

காசு செலவில்லாமல் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை உள்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்து ஓட்டுங்கள். ரெண்டு மணி நேரம் அணையாமல் ஓடினால் சூடுதான் காரணம்.

அப்புறம் சுத்தம் செய்யலாம். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி உள்ளே தங்கிய கரண்டை இறக்குங்கள். இரும்புக் கூட்டை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். மெல்லிய பெயின்ட் பிரஷால் பஞ்சைத் தளர்த்தி, சின்ன புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண்டபடி சுற்றி பேரிங் போய்விடும். குடோனில் ஏர் கம்ப்ரசர் இருந்தால் அதைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். காற்றோடு தண்ணீரும் வரும். இத்தனை வருடத்தில் பிராசஸருக்கு மேலே தடவிய, சூட்டைக் கடத்தும் பேஸ்டும் காய்ந்திருக்கும். அதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துப் புதிதாகத் தடவிக்கொள்ளுங்கள்.

டேபிள் ஃபேன் வைத்தும் அணைந்தால், உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நீல ஸ்கிரீன் வந்து நிற்பது, பீப் சத்தத்தோடு அப்படியே கிடப்பது என்றால் ரேம் என்கிற மெமரி பட்டையைக் கழற்றி, அதன் தங்கநிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் போடுங்கள். பாதி நேரம் அதோடு தீர்ந்துவிடும்.

தேதி கோளாறு இன்னும் எளிது. உள்ளே எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி பேட்டரி இருக்கிறது, சிஆர் 2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் பேங்க் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்று காலம் பொருந்தாமல் போய், பிரவுசர் எச்சரிக்கை கொடுக்கிறது. அதைத்தான் வைரஸ் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கும் மேலே மெஷின் ஆமை மாதிரி நகர்ந்தால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் என்ற இடத்தில் எப்போதும் 100 சதவீதமே நிற்கிறதா என்று பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஹார்ட் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும். ‘குட்’ என்று இல்லாமல் ‘காஷன்’ என்று மஞ்சளில் வந்தால் அன்றைக்கே டேலி கணக்கை பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ஓஎஸ் போட்டால் மிச்ச உயிரும் போய்விடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழையதை அப்படியே அச்சு அசலாகக் குளோன் எடுத்துத் தரச் சொல்லுங்கள். டேலி, பிரிண்டர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இனி கடைக்குப் போனால், “எந்தப் பாகம் கெட்டிருக்குதுங்க, எப்படிப் பார்த்தீங்க?” என்று கேளுங்கள். மூடியைத் திறக்காமலே பதில் சொல்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஈரோடு மாவட்டம் கோபியில் ஒரு கடையில் சர்வீசுக்குக் கொடுத்தேன். கேட்காமலே ஓஎஸ் மாற்றிவிட்டார்கள். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த மகன் கல்யாணப் போட்டோக்கள் இல்லை. யாரிடம் முறையிடுவது?

பதில்: மனசு சங்கடமாக இருக்கிறதுங்க. முறையிடுவது அப்புறம், முதலில் அந்த மெஷினில் எதையும் புதிதாக ஏற்றாதீர்கள். சி டிரைவில் ‘விண்டோஸ் டாட் ஓல்ட்’ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபார்மேட் செய்யாமல் போட்டிருந்தால் பழைய டெஸ்க்டாப் அதற்குள், யூசர்ஸ் என்ற ஃபோல்டரில் அப்படியே இருக்கும். சில நாளில் விண்டோஸே அதை அழித்துவிடக்கூடும், அதனால் இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, எஸ்எஸ்டி என்றால் கஷ்டம்.

அனுமதி இல்லாமல் அழித்தது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். கடை இறங்கி வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஈரோட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ரெண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். சர்வீசுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. சர்வீஸ் பில்லையும் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் பத்திரமாக வைத்திருங்கள். பில் தரவில்லையென்றால், இன்றைக்கே நேரில் போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள்.