பழைய கணினி சிப்புகளை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது? எதில் தொடங்கலாம்?

எண் அச்சிட்ட பழைய சிப்புகளை வாங்கி டப்பாவில் அடுக்கிவைத்தால் போதாதா, மைக்ரோஸ்கோப் வேறு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பல வருடம் அடுக்கிவைத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது கேட்டால், நாம் கையில் எடுப்பது சிப்பே இல்லை, அதன் உறை என்றுதான் சொல்வேன். உள்ளே இருக்கும், நகத்தில் பாதி கூட இல்லாத சிலிக்கான் துண்டுதான் சிப். சேகரிப்பவர்கள் அதை ‘டை’ என்போம். உறையில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். டையில் இருப்பதை யாரும் மாற்றி எழுத முடியாது.

நான் முதலில் பார்த்தது 2716 என்ற ஈப்ராம் வகை நினைவகச் சிப். அதன் மேல் சின்ன குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும். புற ஊதா ஒளியைப் பாய்ச்சி உள்ளே இருக்கும் டேட்டாவை அழிப்பதற்காக வைத்தது அது. நமக்கு உறையை உடைக்காமலே டையைப் பார்க்க ஒரு வழி. ஆர்வத்தில், செல்களைப் பார்க்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. அதில் விளக்கு கீழே இருக்கிறது, சிலிக்கானோ கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடாது. நமக்கு வேண்டியது லென்ஸ் வழியாகவே மேலிருந்து ஒளி இறங்கித் திரும்பும் வகை, அதாவது உலோகங்களைச் சோதிக்கும் மைக்ரோஸ்கோப்.

அப்படி ஒன்று கிடைத்து, அதே 2716-ஐ மறுபடி வைத்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. நெருக்கமாக நெய்த துணி போல 16,384 பிட்டுகளின் கட்டம். அதன் ஓரங்களில் கட்டத்தின் வரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் சர்க்யூட்டுகள். விளிம்பில் பளபளக்கும் சதுரங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கம்பி கிளம்பி வளைந்து வெளியே போகிறது. அதற்கு மேல் அந்த நிறங்கள்! இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள். சிலிக்கானுக்கு அந்த நிறங்கள் கிடையாது. மேலே படிந்திருக்கும் ஆக்சைடு படலத்தின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் வருகிற நிறங்கள் அவை. ஈர ரோட்டில் சிந்திய எண்ணெயில் வானவில் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

கொஞ்சம் பழகினால் கண் படிக்கத் தொடங்கிவிடும். வெளிறிப் பளபளப்பது அலுமினியம். அதற்குக் கீழே ஓடுவது பாலிசிலிக்கான் கோடுகள், அதுவும் சிலிக்கானின் ஒரு வடிவம்தான். அந்தக் கோடு டிஃப்யூஷன் பட்டை ஒன்றை, அதாவது மின்சாரம் ஓடுவதற்காக வேறு பொருள் கலந்த சிலிக்கான் பட்டையை, குறுக்கே கடந்தால் அங்கே ஒரு டிரான்சிஸ்டர், அதாவது ஒரு மின் சுவிட்ச். இது மட்டும் தெரிந்தாலே 1970-களின் சிப் ஒன்றில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கலாம்.

1970-களின் சிப் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. 1971-ல் வந்த இன்டெல் 4004 என்ற பிராசஸரில் ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள்தான், 10 மைக்ரான் தொழில்நுட்பம், அதாவது அதன் மிக நுண்ணிய கோடுகளின் அகலம் ஏறக்குறைய அவ்வளவு. தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல லென்ஸ் இருந்தால் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகத் தொடரலாம். கால் மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால் சாதாரண ஒளியால் பிரித்துக் காட்ட முடியாது. தவிர, பின்னால் வந்த சிப்புகளில் உலோக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து டிரான்சிஸ்டர்களை மூடிவிட்டன. அழகாக இருக்கும், ஆனால் ஒன்றும் படிக்க முடியாது. அதனால் எனக்கு அவற்றில் பெரிய ஈடுபாடு இல்லை.

அப்புறம் இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலத்தில் சர்க்யூட்டை மனிதர்கள் கையால் வரைந்தார்கள். 4004-ன் ஓரத்தில் அதை வடிவமைத்த ஃபெடரிகோ ஃபாகின் தன் முதலெழுத்துகளை, எஃப்.எஃப். என்று, பொறித்திருக்கிறார். 1975-ல் வந்த மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தின் 6502 பிராசஸரைப் பாருங்கள். ஒரு பக்கம், கட்டளைகளைப் பிரித்தறியும் பகுதி சீராக நிற்கும், 130 கோடுகள். மறுபக்கம், கணக்கிடும்போது எண்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டர்கள், அதுவும் ஒழுங்கு. நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியில் மட்டும் ஒரு கோடு கிடைத்த சந்தில் எல்லாம் நுழைந்து, வளைந்து, இன்னொன்றுக்கு வழிவிட்டுப் போகும். அங்கே ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து யோசித்தது அப்படியே தெரியும். விஷுவல் 6502 என்ற குழு இந்த டையைப் படமெடுத்து, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராக வரைந்து, 2010-ல் பிரவுசரிலேயே ஓடவிட்டுக் காட்டியது. படத்தில் இருப்பது வெறும் அழகு இல்லை, வேலை செய்யும் ஒரு இயந்திரத்தின் முழு வரைபடம் என்று எனக்கு உறைத்தது அதைப் பார்த்த பிறகுதான்.

சேகரிப்பவருக்கு இதில் நேரடிப் பயனும் உண்டு. ஒருமுறை ஒரு விற்பனையாளரிடமிருந்து சாம்பல் நிறச் செராமிக் உறையில் ஒரு பிராசஸர் வாங்கினேன். மேலே 7814 என்று இருந்தது. 1978-ன் 14-வது வாரம் என்று அர்த்தம். சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது எழுத்துகளுக்கு அடியில் மெல்லிய உராய்வுக் கோடுகள். சந்தேகம் தாங்காமல், இரண்டு செராமிக் பாதிகளும் சேரும் இடத்தில் உளியை வைத்துத் தட்டிப் பிரித்தேன். டையின் மூலையில் வேறு ஒரு எண், பக்கத்தில் 1982. 1982-ல் வரைந்த டை 1978-ல் எப்படி உறைக்குள் போயிருக்கும்? பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. அந்த டை இன்னும் என்னிடம் இருக்கிறது, அதன் உண்மையான பெயரோடு.

ஆனால் மைக்ரோஸ்கோப் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். 1976-ல் வந்த ஸைலாக் நிறுவனத்தின் இசட்80 பிராசஸரில், அப்படியே பார்த்து நகலெடுப்பவர்களை ஏமாற்றவென்றே சில டிரான்சிஸ்டர்களைப் பொறியாக வைத்தார்கள். பார்வைக்கு மற்றவை மாதிரியே இருக்கும், அயனிகளைச் செலுத்தி அவற்றின் நடத்தையை மட்டும் மாற்றியிருப்பார்கள். அந்த மாற்றம் ஒளியில் தெரியாது.

சரி, எதில் தொடங்கலாம்? ஜன்னல் வைத்த ஈப்ராம்தான். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிப்பதற்கு முன் உள்ளே இருக்கும் டேட்டாவைப் படித்துச் சேமித்துவிடுங்கள், உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே பிரதியாகக்கூட இருக்கலாம். பார்த்து முடித்ததும் திரும்ப மூடிவிடுங்கள். டை ஜன்னலுக்குக் கீழே சற்று ஆழத்தில் இருப்பதால், தூரத்திலிருந்தே ஃபோகஸ் ஆகும் லென்ஸ் வேண்டும். 10 மடங்கு லென்ஸே ஆரம்பத்துக்குப் போதும். சிப்பை ஒரு உருண்டை களிமண்ணில் பதித்து மட்டம் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கிப்போகும். அடுத்து, தங்க மூடி போட்ட செராமிக் சிப்புகளுக்குப் போகலாம், அதுவும் பழுதானவை மட்டும். வேலை செய்யும் அரிய சிப் ஒன்றைப் பார்ப்பதற்காக உடைப்பது எனக்குச் சம்மதமில்லை.

கறுப்பு பிளாஸ்டிக் உறைகளை விட்டுவிடுங்கள். அதைக் கரைக்கச் சூடான, அடர்ந்த நைட்ரிக் அமிலம் வேண்டும். முறையான ஆய்வகமும் பயிற்சியும் இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. என்னவென்று தெரியாத ரேடியோ அலைவரிசைப் பவர் சிப்புகளையும் உடைக்காதீர்கள். சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

போன மாதம், திரையில் எழுத்துகளைக் காட்டப் பயன்பட்ட ஒரு பழைய ரோம் சிப்பைத் திறந்தேன். தயாரிக்கும்போதே டேட்டாவை நிரந்தரமாகப் பதித்துவிடும் நினைவகம் அது. அதில் ஒரு பிட் 1 என்றால் அங்கே ஒரு சின்ன இணைப்புத் துளை இருக்கும், 0 என்றால் இருக்காது. 50 மடங்கு லென்ஸில் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணி, கட்டம் போட்ட தாளில் பென்சிலால் குறித்தேன். ஒன்றும் புரியவில்லை. வெளியே வரும் 5 பிட்டுகளும் 5 தனித்தனித் தொகுதிகளில் பிரிந்திருக்கின்றன என்று பிறகுதான் பிடிபட்டது. தொகுதிக்கு ஒரு புள்ளியாக எடுத்து, ஏழு வரிசை எழுதினேன். ஆங்கில ஆர் எழுத்து, கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நின்றது. தொகுதிகளை எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்து மறுபடி எழுதினேன். நேராக வந்துவிட்டது.