யூடி ஆஸ்டினில் சேர்ந்து பிசினஸுக்கு மாறுவதா, இண்டியானாவுக்கு நேராகப் போவதா?

கேள்வி: வணக்கம் சார். டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் ஐடி வேலை, குடியுரிமை வாங்கிவிட்டோம். மகள் பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வந்ததால் யூடி ஆஸ்டினில் (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்) இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் கேட்ட, அங்கேயே உள்ள மெக்கோம்ஸ் பிசினஸ் ஸ்கூல் கிடைக்கவில்லை, எகனாமிக்ஸ்தான் கொடுத்திருக்கிறார்கள். இண்டியானா பல்கலைக்கழகத்தின் கெல்லி பிசினஸ் ஸ்கூலில் நேரடியாகவே இடம் வந்திருக்கிறது. ஸ்காலர்ஷிப் போக ஆண்டுக்கு 49,000 டாலர் ஆகும். யூடியில் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 31,000. அவள் பெயரில் 529 கணக்கில் (படிப்புக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) 1,05,000 டாலர் இருக்கிறது. மகன் ஒன்பதாவது படிக்கிறான். அவன் கணக்கில் 30,000தான். "யூடியில் சேர்த்துவிடு, ஒரு வருஷத்தில் மெக்கோம்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்" என்கிறார் என் அண்ணன். கணவருக்குக் கெல்லிதான். பற்றாக்குறைக்கு எங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே-யில் எடுக்கலாம், இல்லையென்றால் கோவை சரவணம்பட்டி மனையை விற்கலாம் என்கிறார். மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டும். என்ன செய்வது?

பதில்: முதலில் மகளுக்கு என் வாழ்த்துகள். இரண்டுமே நல்ல இடங்கள்.

உங்கள் அண்ணன் சொன்ன "மாறிக்கொள்ளலாம்" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. மாறிக்கொள்ள முடியாது, மாறுவதற்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். டெக்சாஸில் 1997இல் வந்த சட்டம் பள்ளியில் முதல் வரிசையில் வரும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் தருகிறது. கேட்ட துறையைத் தருவதாக அது சொல்லவில்லை. அதனால் பிசினஸ் கேட்டுக் கிடைக்காத கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் எகனாமிக்ஸிலும் மற்றத் துறைகளிலும் வந்து அமர்கிறார்கள். உங்கள் மகள் போட்டி போடப்போவது அவர்களோடு. பள்ளி மதிப்பெண், எஸ்ஏடி எல்லாம் அதோடு பின்னால் போய்விடும்; கல்லூரியில் வாங்கும் ஜிபிஏதான் (மதிப்பெண் சராசரி) முன்னால் நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே கணக்கோடு ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. வேறொரு மாநிலம், பெரிய அரசுப் பல்கலைக்கழகம். பையன் முதல் செமஸ்டரிலேயே கால்குலஸில் பி மைனஸ் வாங்கிவிட்டான். முதல் முறை மறுத்தார்கள். இரண்டாம் முறையும் மறுத்தார்கள். அந்த இரண்டு மறுப்பு மின்னஞ்சல்களையும் போனில் நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்ததை என்னிடம் காட்டினான். உண்மையான இழப்பு அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. பிசினஸுக்கு மாறப்போகிறோமே என்று அதற்குரிய பாடங்களையே எடுத்துவந்ததால், சொந்தத் துறைக்குத் தேவையான பாடங்கள் நின்றுபோயிருந்தன. ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படிக்க வேண்டியதாயிற்று.

உங்கள் விஷயத்தில் அந்த ஒரு செமஸ்டரின் விலை 15,500 டாலர். அரை வருடச் சம்பளம் தள்ளிப்போவது தனி. போதாக்குறைக்கு டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில், பட்டத்துக்குத் தேவையானதை விட 30 கிரெடிட் மணிக்கு (பாடங்களை அளக்கும் அலகு) மேல் போனால் கூடுதல் கட்டணம் கேட்க முடியும்.

சரி, மாறுவது நிச்சயமில்லை என்பதற்காகக் கெல்லிக்குப் பணம் கட்டிவிடலாமா? கணக்கைப் பார்ப்போம். நான்கு வருடத்துக்கு யூடி 1,24,000, கெல்லி 1,96,000. வித்தியாசம் 72,000 டாலர். "மாற வேண்டிய அவசியமே இல்லை" என்ற நிம்மதிக்கு நீங்கள் கட்டும் இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்றே இதை நான் பார்க்கிறேன்.

யூடி என்றால் 529 போக 19,000தான் துண்டு விழும். நான்கு வருடத்தில் பிரித்தால் மாதம் 400 டாலர்; சம்பளத்திலேயே சமாளித்துவிடலாம். கெல்லி என்றால் 91,000. மகள் தன் பெயரில் வாங்கக்கூடிய அரசுக் கடன் முதல் ஆண்டு 5,500, அடுத்து 6,500, பிறகு இரண்டு ஆண்டும் 7,500. மொத்தம் 27,000. மீதி 64,000 உங்கள் தலையில். அதற்குப் பெற்றோர் பெயரில் வாங்கும் பிளஸ் கடன் இருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். ஆக ஏறக்குறைய முழு வரம்பையும் தொட்டுவிடுவீர்கள். 2025-26இல் அதன் வட்டி 8.94 சதவீதம், கடன் கொடுக்கும்போதே 4 சதவீதத்துக்கு மேல் கட்டணமும் பிடிப்பார்கள். அதே வட்டியில் 64,000ஐப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் 800 டாலருக்கு மேல், மொத்தம் 97,000. அந்தப் பத்து வருடத்துக்குள்தான் மகன் கல்லூரிக்குப் போவான். இரண்டு பிள்ளைகள் ஒரே சமயம் கல்லூரியில் இருந்தால் ஃபாஃப்சா (அரசுக் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) கணக்கில் கிடைத்துவந்த சலுகையும் 2024-25 முதல் இல்லை.

இன்னொன்று, இந்த 49,000 முதல் ஆண்டுக் கணக்கு. கட்டணம் வருடா வருடம் ஏறும். ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அதே தொகையிலேயே நிற்கும். தொடர்ந்து பெற எவ்வளவு ஜிபிஏ வேண்டும் என்று அந்தக் கடிதத்தின் அடியில் இருக்கும். இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.

401கே-யைத் தொடாதீர்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீத அபராதம். படிப்புச் செலவுக்கென்று ஐஆர்ஏ-வில் (தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) உள்ள விலக்கு 401கே-யில் கிடையாது. பிள்ளையின் படிப்புக்குக் கடன் வாங்கலாம், நம் முதுமைக்கு யாரும் கடன் தரமாட்டார்கள்.

மனையையும் இதற்காக விற்க வேண்டாம். வெளிநாட்டில் வசிப்பவர் விற்கும்போது வாங்குபவர் மூலத்திலேயே வரி பிடிக்க வேண்டும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்காவிட்டால், லாபத்தின் மீதல்ல, மொத்த விலையின் மீது பிடித்துவிடுவார்கள். அப்புறம் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். அமெரிக்காவிலும் அந்த லாபத்தைக் காட்ட வேண்டும், இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும். மே 1க்குள் முடிகிற வேலை அல்ல. அவசரத்தில் விற்றால் விலையும் கிடைக்காது.

கெல்லிக்கு அந்தப் பணம் தகும் என்று சொல்லக்கூடிய நிலையும் ஒன்று உண்டு. மகளுக்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்தான் வேண்டும், அது அவளே விரும்பிச் சொன்னது என்றால், கெல்லியில் அதற்கென்றே நடக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு நல்ல பெயர் இருக்கிறது. அந்தத் துறையில் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுப்பது இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் மாறுதல் கடிதத்துக்காகக் காத்திருப்பவள் பின்தங்கத்தான் செய்வாள். 529இலேயே இரண்டு லட்சம் இருந்திருந்தால் நானும் உங்கள் கணவர் பக்கம்தான் நின்றிருப்பேன்.

இப்போது இருக்கும் கையிருப்புக்கு என் ஆலோசனை யூடி. ஆனால் ஒரு நிபந்தனை. மகளைத் தனியாக உட்காரவைத்து, அப்பாவும் மாமாவும் பக்கத்தில் இல்லாமல், இதை மட்டும் கேளுங்கள்: "மெக்கோம்ஸ் கிடைக்கவே கிடைக்காது என்று இன்றைக்கே தெரிந்தாலும், நாலு வருஷம் எகனாமிக்ஸ் படிக்கச் சம்மதமா?" சம்மதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு யூடியில் சேருங்கள். எகனாமிக்ஸ் நல்ல பட்டம். மற்றத் துறைப் பிள்ளைகளுக்காக மெக்கோம்ஸே பிசினஸ் மைனர் (துணைப் பாடம்) நடத்துகிறது. பிறகு வேண்டுமென்றால் அங்கேயே ஃபைனான்ஸிலோ பிசினஸ் அனலிடிக்ஸிலோ ஓராண்டு மாஸ்டர்ஸுக்கும் முயலலாம். மாறுதலே கிடைத்துவிட்டால், பிசினஸுக்கு, எகனாமிக்ஸ் இருக்கும் லிபரல் ஆர்ட்ஸை விடக் கட்டணம் கொஞ்சம் கூடுதல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சேர்ந்த பிறகு முதல் செமஸ்டரில் பாடங்களை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டாம். கால்குலஸ் அவசியம், அதில் நல்ல கிரேடு வர வேண்டும். பள்ளியில் எழுதிய ஏபி தேர்வுகளுக்குக் கிடைக்கும் கிரெடிட்டால் ஜிபிஏ ஏறாது. எவற்றைக் கணக்கில் சேர்ப்பது என்று ஆலோசகரிடம் கேட்டபிறகே கோரட்டும். பாடம் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொன்றும் எகனாமிக்ஸ் பட்டத்துக்கும் உதவுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மறுத்துவிட்டால் எந்த நாளோடு முயற்சியை நிறுத்துவது என்பதையும் சேரும் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

எகனாமிக்ஸா என்று அவள் முகம் வாடினால், யூடியிலும் சேர்க்காதீர்கள். அப்போதும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இண்டியானாவை அல்ல, உங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரக்கூடிய ரிச்சர்ட்சனில் உள்ள யூடி டல்லாஸை. ஜிந்தால் ஸ்கூலில் முதல் நாளிலிருந்தே பிசினஸ் படிக்கலாம். வீட்டிலிருந்தே போனால் 529இல் பணம் மிஞ்சவும் கூடும். பயனாளி பெயரை மாற்றி அதைத் தம்பிக்கு வரியில்லாமல் கொடுத்துவிடலாம். "ஊரிலேயே படிப்பதா" என்று பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தோன்றும், அது நியாயம்தான். வீட்டுச் சாப்பாடு போதும், விடுதி வேண்டாம் என்று அவளைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க அனுப்பலாம் என்று சொல்லிப் பாருங்கள். யூடி டல்லாஸுக்கு விண்ணப்பிக்கவில்லை என்றால், இன்னும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று நாளைக் காலையிலேயே அட்மிஷன் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.