அழுங்கள், முதலில் ஒட்டுக் கட்டிவிடுங்கள்

கேள்வி: எங்கள் கொல்லையில் நிற்கும் பலாவை என் மாமியார் கல்யாணமாகி வந்த வருடம் நட்டாராம். அவர் தவறி மூன்று வருடமாகிறது. பாகப் பிரிவினையில் அந்த இடம் கொழுந்தனார் பங்குக்குப் போய்விட்டது. தை பிறந்ததும் மரத்தை வெட்டி வீடு கட்டப் போகிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இரவில் எழுந்து போய் மரத்தைத் தொட்டுவிட்டு வந்து அழுகிறேன். "ஒரு மரத்துக்கா இவ்வளவு?" என்கிறார் கணவர். எனக்கு ஏதாவது கோளாறா?
(பெயர் வேண்டாம், நெல்லிக்குப்பம்)

பதில்: ஒரு கோளாறும் இல்லை அம்மா. உங்களைப் போல அழுதவர்களை நான் ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது நான் தோட்டக்கலைத் துறையில் வேலையில் இருந்தேன். விழுந்த பலாவையும் முந்திரியையும் கணக்கெடுக்கப் பண்ருட்டிப் பக்கம் அனுப்பினார்கள். என் படிவத்தில் எண்ணிக்கைக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. ஆனால் யாரும் எண்ணிக்கை சொல்லவில்லை. "இது எங்கப்பா வைத்தது, அது பெரியவள் பிறந்தபோது வைத்தது" என்று ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். ஒரு பெரியவர் பதினோரு மரத்தையும் நான் நேரில் பார்க்கும்வரை கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

எங்கள் வீட்டிலும் ஒரு பலா விழுந்திருந்தது. அன்று காலை பின்கதவைத் திறந்ததும் கொல்லையில் வெளிச்சம் கூடுதலாக இருந்தது. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பிறகுதான் மரம் கிடப்பதைப் பார்த்தேன். வேரோடு செம்மண் பெயர்ந்து சுவர் போல நின்றது. முறிந்த கிளையிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு பிடி ஈர மண்ணை எடுத்து, குழந்தையின் காயத்தில் மஞ்சள் வைத்து அழுத்துவது போல, அந்த இடத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் பிசின். எண்ணெய் கொண்டுவந்து நான்தான் துடைத்துவிட்டேன்.

நான் அன்று செய்யாமல் விட்டதைச் சொல்கிறேன். ஒரு மரத்தின் குச்சியை இன்னொரு கன்றில் பொருத்தி வளர்ப்பதுதான் ஒட்டு. ஊருக்கெல்லாம் ஒட்டுக் கட்டக் கற்றுக்கொடுத்த நான், அந்த மரத்திலிருந்து ஒரு குச்சி எடுத்து வைக்கவில்லை. ஊரார் மரங்களை எண்ணிவிட்டு ஒரு வாரம் கழித்து வீடு திரும்பியபோது இலையெல்லாம் காய்ந்துவிட்டிருந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. அதனால்தான் உங்களை அவசரப்படுத்துகிறேன்.

கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பலாவில் வேறு மரத்து மகரந்தமும் வந்து சேர்வதால் (அயல் மகரந்தச் சேர்க்கை) கொட்டையில் வரும் கன்று தாய் மரத்தின் சுளையையே தரும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக் கட்டினால் வருவது அதே மரம்தான். பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பாலூர் 1' பலா ரகமே நம் வட்டாரத்தில் தனி மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக் கட்டிப் பரப்பியதுதான். பென்சில் கனத்தில் பத்து நுனிக்குச்சிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரத்துக்கு முன்பே இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிடுங்கள். மொட்டு பருத்ததும் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே பக்கத்து நாற்றுப் பண்ணைக்குக் கொண்டுபோய்ப் பலாக் கன்றின் இளந்தண்டில் ஒட்டுக் கட்டச் சொல்லுங்கள், மென்தண்டு ஒட்டு என்பார்கள். பத்தும் பிடிக்காது. இரண்டு பிடித்தாலும் போதும், ஒன்று உங்களுக்கு, ஒன்று கொழுந்தனாருக்கு. அவரிடம் ஒரு பலகையும் கேட்டு வாங்குங்கள். பலாப் பலகையில் ஊஞ்சல் போட்டால் தலைமுறைக்கும் உழைக்கும்.

இன்னொன்று. உங்கள் கணவர் தன் அம்மாவைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிறாரா? அந்த மரத்துச் சுளையை அவர் அம்மா உரித்துக் கொடுத்து வளர்ந்தவர் அவர். அவரிடம் கோபப்படாமல், குச்சி வெட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் ஒரு ஊரில் மக்கள் மரங்களுக்குக் கடிதம் எழுதுகிறார்களாமே, உண்மையா?
(கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: உண்மைதான் தம்பி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில். நீண்ட வறட்சியில் நகரத்து மரங்கள் நலிந்துபோயின. மாநகராட்சி தன் பராமரிப்பில் இருந்த சுமார் 70,000 மரங்களுக்கு எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. கிளை முறிந்தால் மக்கள் தகவல் சொல்லட்டும் என்பதற்காகத்தான். ஆனால் வந்து குவிந்தவை அன்புக் கடிதங்கள். தினமும் கடந்து போகும் மரத்துக்கு நன்றி சொன்னார்கள், நலம் விசாரித்தார்கள். சிலவற்றுக்கு மரமே எழுதுவது போல அலுவலர்கள் பதிலும் போட்டார்கள். எனக்கு இதில் வியப்பே இல்லை, அந்தப் பதினோரு மரத்துப் பெரியவரிடம் முகவரி கொடுத்திருந்தால் அவரும் எழுதியிருப்பார்.

உங்கள் ஊரிலேயே அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போய்ப் பாருங்கள். சமாதிக்கு மேல் ஒரு இயல்வாகை கிளை விரித்து நிற்கிறது. அதன் மஞ்சள் பூவுக்கு 'சேவை' என்று பெயர் வைத்தவர் ஆசிரமத்து அன்னை. கீழே உதிர்ந்த பூவை மிதிக்காமல் சுற்றிப் போகிறவர்களை நீங்களே பார்க்கலாம்.

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்தும் பாதிரி மரம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. எங்கே பார்ப்பது?
(இல்லத்தரசி, கடலூர்)

பதில்: உங்கள் பாடலீஸ்வரர் கோயிலின் தலமரமே பாதிரிதான். பாடலம் என்பது பாதிரிக்கு வடமொழிப் பெயர், சுவாமிக்கும் அந்தப் பெயர்தான். கோடையில் பூக்கும், நல்ல மணம். பாதிரிப் பூவைப் புதுப் பானையில் போட்டு வைத்தால் அந்த மணத்தைப் பானை வாங்கித் தண்ணீருக்குக் கொடுக்கும் என்று பழைய பாட்டே இருக்கிறது. சித்திரை வைகாசியில் காலை நேரத்தில் போங்கள். பூ உதிர்ந்து கிடந்தால் ஒன்றிரண்டு எடுத்துவந்து மண்பானைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.